கிரேக்க மக்கள் செய்திக்கு டிவியை நம்புகிறார்களா, சமூக ஊடகத்தையா?

சுருக்கமாகச் சொன்னால், இரண்டையும் பார்க்கிறார்கள், இரண்டையும் பெரிதாக நம்புவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு மையம் நடத்திய 2023 ஆய்வில், செய்திகளை நம்புவதாகச் சொன்ன கிரேக்கர்கள் வெறும் 19%. ஆய்வு நடந்த 46 நாடுகளில் அதுதான் கடைசி இடம்.

காரணம் பழையது. 1989-இல் தனியார் டிவி வந்தது. இன்று பெரிய சேனல்கள் பல கப்பல் முதலாளிகளின் குடும்பங்கள் கையில். அரசு சேனலான ஈஆர்டியோ, 2013 ஜூன் 11 அன்று அரசாங்கம் உத்தரவிட்டதும் அன்றிரவே இருண்டுபோனது. ஊழியர்கள் விடாமல் இணையம் வழியே ஒளிபரப்பினார்கள். திரும்ப வந்தது சரியாக இரண்டு வருடம் கழித்து! கடன் நெருக்கடியால் ஏற்கெனவே கசந்துபோயிருந்த மக்களுக்கு அதை எப்படி மறக்க முடியும்?

அப்புறம் 2023-இல் டெம்பி ரயில் விபத்து, 57 பேர் பலி. 'மனிதத் தவறு' என்ற அரசின் முதல் விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. உறவினர்களின் கேள்விகள் ஃபேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் பரவின. 2025 பிப்ரவரி 28 நினைவு நாளில் போராடிய மக்களால் தெருக்கள் நிரம்பி வழிந்தன.

ஆனால் சமூக ஊடகத்தில் வதந்திக்கும் பஞ்சமில்லை. பெரியவர்கள் இன்னும் இரவுச் செய்திக்கு டிவி முன்தான் உட்காருகிறார்கள்.