சின்னத் தீவு, பெரிய கோயில்: கேள்வி பதில்

கிளிநொச்சியில் கூட்டுறவுப் பரிசோதகராக வேலை செய்தவன் நான். பிறகு தொண்டராகப் போய் பசிபிக் கடலில் பீஜி, தொங்கா, சமோவா என்று சில வருடம் அங்கத்தைய கடன் சங்கங்களின் கணக்குக் கொப்பிகளைப் பார்த்தேன். தீவுகளில் சமயமும் வியாபாரமும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்று போனமுறை நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கேள்வி வந்திருக்கிறது. தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். எந்தச் சமயம் சரி என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கணக்குப் பார்க்கிறவன்.

வட்டக்கச்சியிலிருந்து ஒருவர்: தொங்காவில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாதாமே? வாரத்தில் ஒரு நாளைப் பூட்டி வைத்தால் நாடு எப்படி முன்னேறும், ஐயா?

உண்மைதான். 1875ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது: ஞாயிறு புனித நாள், தொழில், வியாபாரம் கூடாது. அன்றைக்கு எழுதிய ஒப்பந்தம்கூடச் செல்லாது. 1982இல் ஐசாக் புயல் அடித்து நாடு சின்னாபின்னமான பிறகு சனத்துக்குச் சாப்பாடு வேண்டும் என்று பேக்கரிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். புயல் போய்விட்டது, பாண் போகவில்லை. நான் இருந்த காலத்தில் ஞாயிறு பின்னேரம் தலைநகர் நுக்குஅலோபாவில் பேக்கரி வாசலில் வரிசை நிற்கும். காலையில் கோயிலுக்குக் கட்டின பாய் இடுப்பிலேயே இருக்கும் (அவர்களுக்குப் பாய்தான் மரியாதை உடுப்பு), கையில் சுடச்சுடப் பாண்.

ஒரு நாள் பூட்டினதால் தொங்கா ஏழையாகவில்லை. எங்கள் கத்தோலிக்கக் கடற்கரைகளிலும் ஞாயிறு வள்ளம் இறங்காது, அதனால் யாரும் பட்டினி கிடந்ததில்லை, மீனுக்கும் ஓய்வு. ஆனால் அடுத்தவன் தலையில் அதைக் கட்டும்போதுதான் சிக்கல். பீஜியில் 1987 இராணுவப் புரட்சிக்குப் பிறகு அதை நடத்திய ரம்புக்கா ஞாயிறு வேலையையும் விளையாட்டையும் போக்குவரத்தையும் தடை செய்தார். அவர் மெதடிஸ்த சபையில் பிரசங்கம் செய்கிறவர். அப்போது அங்கே ஏறக்குறையப் பாதிச் சனம் இந்திய வழி வந்தவர்கள், பெரும்பாலும் சைவரும் வைணவரும் முஸ்லிம்களும். கரும்பு வெட்டுகிறவனுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதானே.

உருத்திரபுரம் தங்கச்சி: எங்கள் ஒழுங்கையில் மூன்று கடை போட்டு மூன்றும் நொடித்துப்போச்சு. தீவுகளிலும் இப்படியா?

இதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

என் தாயாரின் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேல் "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதித் தொங்கும். அதற்குக் கீழே ஆணியில் சணல் கயிறு கட்டிய கடன் கொப்பி. எழுதினவரும் அவர்தான், கொப்பி வைத்தவரும் அவர்தான். பெரியம்மாவின் மகன் வந்து ஒரு கிலோ சீனி கேட்டால் பலகையைக் காட்டவா முடியும்? தொங்காவில், சமோவாவில் நான் பார்த்த ஊர்க்கடைகள் எல்லாவற்றிலும் இதே கொப்பி. ஐந்நூறு பேர் இருக்கிற ஊரில் எல்லோரும் சொந்தம். செத்தவீடு, கலியாணம், கோயில் காணிக்கை என்று வந்தால் கடைக்காரன்தான் முதல் ஆள். சமோவாவில் இதற்கு ஃபாலவேலவே என்று ஒரு சொல் இருக்கிறது. சடங்குக்குச் சடங்கு கொடுக்க வேண்டியதெல்லாம் அதில் அடக்கம். கொடுக்காவிட்டால் மனிசன் இல்லை, கொடுத்தால் கடை இல்லை.

அதனால்தான் தொங்காவில் சில்லறைக் கடைகளில் பெரும்பாலானவை சீனரின் கைக்குப் போனது. அவர்கள் மந்திரம் ஒன்றும் போடவில்லை. அந்த ஊரில் அவர்களுக்குப் பெரியம்மா இல்லை, அவ்வளவுதான். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 2006 நவம்பர் 16 கலவரத்தில் நுக்குஅலோபாவின் கடைத்தெருவில் பெரும்பகுதி எரிந்தபோது சீனர் கடைகள் குறி வைக்கப்பட்டன.

சமயம் இதில் இரண்டு பக்கமும் வேலை செய்யும். பெரிய சபை கையை நீட்டும். தொங்காவில் வருடத்துக்கு ஒருமுறை மிசினாலே என்று காணிக்கை நாள், குடும்பத்தின் பெயரையும் தொகையையும் எல்லோருக்கும் கேட்க வாசிப்பார்கள். எங்கள் திருவிழாவில் உபயகாரர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வதைப் போலத்தான், கூசிப்போய்க் கடன் வாங்கியாவது போடுவார்கள். மறுபக்கம், விருந்துக்கும் பன்றிக்கும் புகையிலைக்கும் மாட்டேன் என்று சொல்கிற சின்னச் சபைகள் இருக்கின்றன. அதில் சேர்ந்தவனுக்கு "என் சபை விடாது" என்று சொல்ல ஒரு வாய்ப்பு. சொந்தக்காரனிடம் "காசில்லை" என்றால் சண்டை, "சபை விடாது" என்றால் பெருமூச்சோடு போய்விடுவான்.

உங்கள் ஒழுங்கையில் நாலாவது கடை போடுவதானால் கடனுக்கு ஒரு எல்லை வையுங்கள், அதை மாதர் சங்கத்தில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். "சங்கம் விடாது" என்று சொல்லலாம். வாரக்கடன்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: மாலைதீவு முஸ்லிம் நாடு, அங்கே எப்படி மதுவும் சுற்றுலாவும்? அதை மாதிரி வன்னியில் செய்தால் என்ன?

முதல் பாதிக்குப் பதில்: பிரித்து வைத்தார்கள். ஏறக்குறைய 1,200 தீவு, சனம் இருப்பது 200க்கும் குறைவானவற்றில். 1972இல் முதல் விடுதி வந்தபோதிருந்தே சனமில்லாத தீவை ஒரு விடுதிக்குக் குத்தகைக்குக் கொடுப்பதுதான் வழக்கம். நிலம் அரசுடையது, விற்பனை இல்லை. மதுவும் பன்றி இறைச்சியும் அந்தத் தீவோடு நிற்கும். பள்ளிவாசல் உள்ள தீவில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் பெட்டிக்கடைக்காரனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. வேலைக்குப் போன பிள்ளை மாதக்கணக்கில் விடுதித் தீவில், வீட்டில் தாய். 2009க்குப் பிறகுதான் சனம் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்த விட்டார்கள். மாபூஷி போன்ற தீவுகளில் வெள்ளைக்காரர் குளிக்க மறைப்புக் கட்டிய தனிக் கடற்கரை, மது வேண்டுமென்றால் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்ட படகு. சட்டத்தை முறிக்காமல் சுற்றிப்போக மனிசனுக்குத் தெரியாதா!

இரண்டாம் பாதிக்கு: வன்னியில் சும்மா கிடக்கும் தீவு இல்லை. இருக்கிற தீவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

பரந்தனிலிருந்து: பீஜிக்கு வேலை விசா எடுக்கலாமா?

எனக்குத் தெரியாத துறை. ஏஜென்ட்டுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு சகோதரர்: ஏழாம் நாள் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா?

உங்கள் பாஸ்டரிடம் கேளுங்கள். ஆனால் இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது, விட மனமில்லை. சமோவா 2011 கடைசியில் தேதிக்கோட்டுக்கு (அதைத் தாண்டினால் ஒரு நாள் மாறும்) இந்தப் பக்கம் தாவியது. வியாபாரம் எல்லாம் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும். சமோவாவில் வெள்ளி என்றால் அங்கே சனி, சமோவாவில் ஞாயிறு என்றால் அங்கே திங்கள், வாரத்தில் இரண்டு நாள் வீண். டிசம்பர் 29 வியாழன் படுத்த சனம் 31 சனி எழும்பியது. காணாமல்போன வெள்ளிக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவு. எல்லாம் சரி, சனிதான் புனித நாள் என்கிற ஏழாம்நாள் அட்வென்டிஸ்த சபைக்காரருக்கு எது சனி? சபைத் தலைமை இனி ஞாயிற்றில் கூடுவோம் என்றது, பழைய கணக்கில் அதுதான் சனி. புதுச் சனிக்கிழமைதான் சனி என்று ஒரு பகுதி பிரிந்துபோனது. ஏற்றுமதிக்காரனின் வசதிக்கு ஒரு நாளை எடுத்தார்கள், ஒரு சபை இரண்டானது.

இரணைமாதாநகரிலிருந்து ஒரு தொழிலாளி: கடலட்டை குறைந்துபோச்சு. பண்ணைக்காரர் வந்து கடலை அடைக்கிறார்கள். கோயில் மூலமாகக் கடலைப் பாதுகாக்கிற முறை வேறு தீவுகளில் இருக்காமே?

இருக்கிறது, அண்ணை. இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் அதற்கு சாசி என்று பெயர். ஒரு கடல் துண்டையோ தென்னந்தோப்பையோ குறித்த காலத்துக்கு மூடுவார்கள். முன்பு ஊர்ப்பெரியவர் மூடியது, பிறகு பல ஊரில் தேவாலயத்தில் செபித்து மூடத் தொடங்கினார்கள். திறக்கிற அன்றும் செபம். பப்புவாவின் ராஜா அம்பாத் பக்கம் பெண்கள் குழுவே தங்கள் கடல் துண்டை இப்படிப் பார்க்கிறது. பொலிஸுக்குத் தெரியாமல் இரவில் இறங்குகிறவன் சாமிக்குத் தெரியாமல் இறங்க யோசிப்பான்.

ஏன் மூட வேண்டும் என்பதையும் சொல்கிறேன். ஆண் அட்டையும் பெண் அட்டையும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும், அவை தண்ணீரில் சந்தித்தால்தான் குஞ்சு. அட்டைகள் நெருங்கிக் கிடக்க வேண்டும். ஐதாகிப்போனால் பிடிக்காமல் விட்டாலும் பெருகாது. அதனால் "குறைந்த பிறகு மூடுவோம்" என்பது பிந்திப்போன யோசனை.

உங்களுக்கு நான் ஒற்றுமையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1992இல் இடம்பெயர்ந்து, 2017 மே முதல் ஒரு வருடம் வீதியோரம் இருந்து, 2018 ஏப்ரல் 23 வெள்ளைக்கொடியோடு வள்ளங்களில் போய், கடற்படை வைத்திருந்த உங்கள் இரணைதீவில் இறங்கின சனம் நீங்கள். போனதும் முதலில் கூடினது மாதா கோயிலில். அந்தக் கோயிலில்தான் எல்லைக் கல்லையும் பேச வேண்டும்: எந்த இடத்தில் பெண்கள் கால்நடையாக அட்டை பொறுக்குவது, எந்த இடம் பூட்டு. தாளில் வரைந்து சங்கத்தின் முத்திரை குத்துங்கள். பண்ணை வேண்டுமா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு.

முள்ளியவளையிலிருந்து: மாலைதீவு மாதிரி நாயாற்றில் விடுதி கட்டினால்?

மேலே சொல்லியாயிற்று.

விசுவமடுவிலிருந்து ஒரு பிள்ளை: தையல் கடைக்கு வாரக்கடன் எடுக்கலாமா? வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

வீட்டுக்கே வந்து தருகிறவன் வீட்டுக்கே வந்து வாங்குவான். வேண்டாம். 1950களில் பீஜிக்கு மரியன் கேனி என்று ஒரு யேசு சபைப் பாதர் வந்தார். முன்பு பெலிஸில் கடன் சங்கம் நடத்திய அனுபவம். அவர் கடன் கொடுக்கவில்லை, முதலில் சேமிக்க வைத்தார். சில்லறைதான். ஆனால் தன் காசு உள்ளே இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் கட்டாவிட்டால் அதைக் கேட்க வாய் வரும். பத்துப் பெண்கள் சேருங்கள், ஆறு மாதம் சேமியுங்கள், மெசின் தானாக வரும். கணக்கை ஒருவர் எழுத, வேறொருவர் காசு வைத்திருக்க வேண்டும். இதை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது.

சுவிஸிலிருந்து ஒரு புங்குடுதீவு அண்ணா: நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் கோயிலுக்குக் காசு கொடுப்பது முட்டாள்தனம் என்பது போல இருக்கு. எங்கள் ஊர்க் கோபுரத்துக்கு நாங்கள் கொடுத்தது எங்கள் வியர்வை.

அப்படிச் சொல்லவில்லை, அண்ணை. கொழும்பிலும் தெற்கிலும் கடை நடத்தி நிமிர்ந்த ஊர் உங்களுடையது, வியாபாரம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தீவுப்பகுதியில் பல வீட்டுக்குக் கூரை இல்லை, கோபுரம் மட்டும் ஏறுகிறது. சமோவாவிலும் ஒக்லாந்திலிருந்து வரும் காசில்தான் தேவாலயம் வளர்கிறது.

இடையில் முழங்காவில் ஆசிரியை ஒருவர்: எங்கள் முன்பள்ளிக்கு மழைக்குத் தறப்பாள் கட்டியிருக்கிறோம். பக்கத்தில் கோயிலுக்கு மண்டபம், வருடத்தில் பத்து நாள் திறப்பு.

இடையில் வற்றாப்பளை அடியார் ஒருவர்: பொங்கலுக்கு எங்கள் கண்ணகி அம்மனிடம் வரும் சனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்குக் கச்சான்காரனும் வளையல்காரியும் உழைக்கிறார்கள். அது வியாபாரம் இல்லையா?

வியாபாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன்: கோயில் இல்லாவிட்டால் சுவிஸ் அண்ணா இருபது வருடத்துக்கு ஒருமுறைகூட ஊருக்கு வரமாட்டார், காணி காடாகும். தொங்காக்காரனையும் ஊரோடு கட்டி வைத்திருப்பது அந்த மிசினாலேதான். ஆனால் கோபுரக் காசில் பெரும்பங்கு சிற்பிக்கும் வர்ணத்துக்கும் ஊருக்கு வெளியே போகிறது, ஊர்ப்பொடியனுக்குக் கிடைப்பது சீமெந்து குழைக்கிற கூலி.

மறுபடி சுவிஸ் அண்ணா: பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் வேலை. கோயிலை யார் கட்டுவது?

பீஜித் தமிழரைக் கேளுங்கள். 1903இலிருந்து சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகள். நாட்டின் நிலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பூர்வகுடிகளுடையது, விற்க முடியாது, இவர்களுக்குக் குத்தகைதான். 1926இல் நந்தியில் சாது குப்புசாமி சங்கம் தொடங்கினார், தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம். அதே சங்கம் முருகனுக்குக் கோயிலும் கட்டியது, பள்ளிக்கூடங்களும் கட்டியது, பின்னாளில் லம்பாசாவில் தாதியர் கல்லூரியும். அந்தப் பள்ளிகளில் எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். காசு ஒரே பெட்டிதான், அண்ணை.

மறுபடி அடியார்: ஐயரும் பாதரும் பாஸ்டரும் கணக்குக் காட்டுவதில்லை என்கிறீர்களா?

காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சமோவாவில் 2017இல் போதகர் வாங்கும் காணிக்கைக்கு வரி என்று சட்டம் கொண்டுவந்தபோது பெரிய சபையே கட்டமாட்டோம் என்று நின்றது. வரி சரியா பிழையா என்பதை விடுங்கள், அந்தச் சண்டையில் சனமும் தொகையைக் கேட்டது. புங்குடுதீவு அண்ணை, உங்கள் கோபுரத்தின் வரவு செலவுத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். மிச்சத்தை அதைப் பார்த்துப் பேசலாம்.

கிளிநொச்சி மாணவி: கடல் மட்டம் உயர்ந்தால் துவாலு என்னவாகும்? அங்கே சனம் கடவுளை நம்பிச் சும்மா இருக்கிறார்களாமே?

துவாலு பசிபிக்கில் ஒரு குட்டித் தீவு நாடு: 26 சதுர கிலோமீற்றர், பத்தாயிரம் பேரளவில். நோவாவுக்குக் கடவுள் வானவில்லைக் காட்டி இனி வெள்ளம் அனுப்பமாட்டேன் என்று சொன்னதை நம்புகிற முதியவர்கள் இருக்கிறார்கள். அதே பசிபிக் திருச்சபைகள்தான் உலக மாநாடுகளில் காலநிலைக்காகக் கத்துகின்றன. இரண்டையும் எழுதுங்கள், பிள்ளை, கட்டுரைக்கு ஒன்று போதாது.

சுவிஸ் அண்ணா: தாள் கேட்டிருக்கிறேன். தலைவர் ஊரில் இல்லையாம்.

சரி. பொருளாளரிடம் கேளுங்கள்.

அக்கராயனிலிருந்து: ஐயா, மாலைதீவு மாதிரி எங்கள் குளத்தில்...

மூன்றாவது பதில். தயவுசெய்து வாசியுங்கள்.