ஷவர் குழாயை மூடிய பிறகும் தண்ணீர் சொட்டுவது ஏன்?

ஷவர் வால்வு என்பது தண்ணீரைத் திறந்து மூடும் பகுதி. பல சுற்று திருகும் பழைய வகையில், ஒரு ரப்பர் வாஷர் உள்ளே இருக்கும் பித்தளை விளிம்பின் மேல் அழுந்தித் தண்ணீரை நிறுத்துகிறது. நாளாக ஆக அந்த ரப்பர் குக்கர் கேஸ்கட் மாதிரி இறுகிப்போய், பிடிப்பு விட்டுக் கசியும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் உப்பும் படிவதால் தொல்லை இன்னும் சீக்கிரம் வரும்.

முதலில் மேல்தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடுங்கள். அப்புறம் ஷவரைத் திறந்து, குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, கைப்பிடியையும் வாஷர் மாட்டியிருக்கும் தண்டையும் கழற்றுங்கள். வாஷரின் அடியில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். பழையதைக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வாங்குங்கள். புதியதைப் போடும் முன் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அது அரித்துப் போயிருந்தால் வாஷர் மட்டும் மாற்றிப் பயனில்லை. கால் சுற்றில் மூடும் புது வகையில் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் தட்டுகள்தான் தண்ணீரை நிறுத்துகின்றன. அது சொட்டினால், பெரும்பாலும் தட்டுகள் இருக்கும் உள்பகுதியை முழுதாகவே மாற்ற வேண்டிவரும்.

இன்னும் இறுக்கித் திருகினால் சொட்டுவது நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இறுக்கல்தான் வாஷரை இன்னும் சீக்கிரம் வெட்டிவிடுகிறது.