ஸ்கீமா போட்டும் தேடலில் மாற்றமே இல்லையே?

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பது, வாங்கும்போது எதைக் கவனிப்பது என்றெல்லாம் என் இணையதளத்தில் எழுதி வருகிறேன். ஒரு வீடியோவைப் பார்த்து, எல்லாப் பக்கங்களிலும் கேள்வி-பதில் ஸ்கீமாவும் ‘எப்படிச் செய்வது’ ஸ்கீமாவும் (பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடுகள்) சேர்த்தேன். தேடலில் ஒரு மாற்றமும் இல்லை. பணம் கொடுத்தால் நட்சத்திரத்தோடு முதல் இடத்தில் வரவைப்பதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா சார்?
– ஒரு வாசகி

பதில்: நம்ப வேண்டாம், அம்மா. ஸ்கீமாவைச் சரியாகவே போட்டிருந்தாலும் அது தேடலில் தெரியும் என்பதற்கு உறுதி இல்லை என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. கூகுளே தராத உறுதியை இவர் எப்படித் தருவார்?

நீங்கள் பார்த்தது பழைய வீடியோவாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில், தேடல் முடிவிலேயே தெரியும் கேள்வி-பதில் காட்சியைப் பெயர் பெற்ற அரசுத் தளங்களுக்கும் உடல்நலத் தளங்களுக்கும் மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. அடுத்த மாதமே ‘எப்படிச் செய்வது’ காட்சியை அடியோடு எடுத்துவிட்டது. ஆக, உங்கள் உழைப்பில் குறை இல்லை. போட்டதை மெனக்கெட்டு நீக்கவும் வேண்டாம், அதனால் கெடுதல் எதுவும் வராது.

2011-இல் கூகுளும் பிங்கும் யாகூவும் சேர்ந்து ஸ்கீமாவைக் கொண்டுவந்ததன் நோக்கம் எளிமையானது. உங்கள் பக்கத்தில் 1985 என்று இருந்தால் அது ஆண்டா, லென்ஸின் வரிசை எண்ணா என்பது நமக்குப் படித்ததும் புரியும். இயந்திரத்துக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும், இல்லாததை அல்ல. வாசகர் கண்ணில் படாத மதிப்பெண்ணை ஸ்கீமாவில் மட்டும் எழுதி நட்சத்திரம் வாங்கப் பார்த்தால், கூகுள் கண்டுபிடித்து அந்தச் சிறப்புக் காட்சியே கிடைக்காதபடி செய்துவிடலாம். பணம் கேட்பவர் பெரும்பாலும் இதைத்தான் செய்வார். எனக்குக் கவலையே அதுதான்.

உங்களுக்குப் பொருந்துவது கட்டுரை ஸ்கீமா: தலைப்பு, எழுதியவர் பெயர், படம், தேதி. நீங்களே பயன்படுத்திப் பார்த்த கேமராவுக்கு விமர்சனம் எழுதி, மதிப்பெண்ணைப் பக்கத்திலும் போட்டிருந்தால், விமர்சன ஸ்கீமாவைத் தாராளமாகச் சேருங்கள். நட்சத்திரம் வருவதற்கு நேர்மையான வழி அது.

தேதியில் மட்டும் கொஞ்சம் கவனம். 5/4/2024 என்றால் ஏப்ரல் ஐந்தா, மே நான்கா? 2024-04-05 என்று ஆண்டை முதலில் வைத்து எழுதுங்கள், குழப்பமே வராது. ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டு, ‘திருத்திய தேதி’யில் இன்றைய தேதியைப் போடாதீர்கள்.

இன்னொன்று. ஜேசன்-எல்டி துண்டை, அதாவது ஸ்கீமாவை எழுதும் நிரல் துண்டை, வேர்டில் எழுதி ஒட்டுகிறவர்கள் நிறைய பேர். வேர்டு மேற்கோள்குறியை வளைத்துவிடும். ஜேசனுக்கு நேர்க்குறிதான் வேண்டும். நேர்க்குறி வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வளைந்த குறி இருந்தாலும், கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சி நின்றாலும் முழுத் துண்டையும் படிக்க முடியாமல் போய்விடும். பக்கமோ பார்வைக்கு நன்றாகவே இருக்கும், அதனால் பிழை நம் கண்ணுக்குப் படாது. நோட்பேடில் எழுதுங்கள். அப்புறம் கூகுளின் ‘ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்’டில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் எந்த வரியில் தவறு என்று காட்டும். இலவசம்தான்.

முதலில் ஒரே ஒரு விமர்சனப் பக்கத்தில் செய்து பாருங்கள். சோதனையில் தேறியதும், கூகுளின் சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவர்களுக்கான கருவி) அந்த முகவரியை மறுபடி பார்வையிடச் சொல்லிக் கேளுங்கள். கூகுள் வந்து படிக்கச் சில நாள் ஆகலாம், சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை மற்றப் பக்கங்களைத் தொட வேண்டாம்.