ஒரே இடத்தில் நின்று அடித்த பந்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சொந்த ஊர் திசையன்விளை, வேலை பெங்களூரில். நண்பர்களோடு கோல்ஃப் பழகுகிறேன். பயிற்சித் திடலில் டிரைவரால், அதாவது தொலைதூரம் அடிக்கும் நீள மட்டையால், வாளி வாளியாகப் பந்து அடிக்கிறேன். அங்கே நன்றாகவே போகிறது. ஆட்டத்தில் இறங்கினால் வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போய்விடுகிறது. எப்படிப் பயிற்சி செய்வது? புது மட்டை வாங்கலாமா? ஊருக்கு வந்தால் பழகுவதற்கு மைதானமும் இல்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

‘அங்கே நன்றாகவே போகிறது’ என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். சென்ற வாரம் பாளையங்கோட்டையில் கிரிக்கெட் வலைப்பயிற்சியை வேடிக்கை பார்த்தேன். ஒரு தகப்பனார் ஒரே இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். மகனும் ஒரே மாதிரி அடித்துக்கொண்டே இருந்தான். இருவர் முகத்திலும் அப்படியொரு திருப்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளியில் நான் ஹாக்கி ஆடியவன். எங்கள் டிரில் மாஸ்டர் ஒரே இடத்திலிருந்து இரண்டாவது பந்தை அடிக்கவே விடமாட்டார். இடது ஓரத்திலிருந்து ஒன்று, நேர் எதிரே நின்று ஒன்று, ஓடிவந்து ஒன்று. தரையோ சரளை, பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே துள்ளும் என்று தெரியாது. அருமையாக ஒரு கோல் விழுந்த பூரிப்பில் ‘இன்னொரு தடவை சார்’ என்று கெஞ்சினால், ‘அதுதான் விழுந்துவிட்டதே, பிறகென்ன?’ என்பார். கொடுமைக்கார மனுஷன் என்று திட்டியிருக்கிறோம்.

1979-இல் ஷே, மார்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சிறு மரத்தடுப்புகளைச் சொன்ன வரிசையில் கையால் தட்டிவிட வேண்டும். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். வரிசைகளைக் கலந்து செய்தவர்கள் திணறினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால், திணறியவர்களே முந்தினார்கள். நீங்கள் முதல் கூட்டம், தம்பி. ஆட்டத்தில் அடுத்தடுத்து இருபது முறை டிரைவரை வீச யார் விடப்போகிறார்கள்? டிரைவரால் ஒன்று, நடுத்தரத் தூரத்துக்கான ஏழாம் எண் அயர்னால் ஒன்று, கிட்டத்தில் தூக்கி அடிக்கும் வெட்ஜால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு இலக்கு வைத்து அடியுங்கள். கன்னாபின்னாவென்று போகும். போகட்டும்.

மைதானம் இல்லை என்று புலம்ப வேண்டாம். பதினெட்டுக் குழிகளையும் 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்ற ‘பார் 72’ கணக்கில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையான பட்டருக்கே போகின்றன. பாதி ஆட்டம்! அதற்கு வீட்டுப் பட்டாசலும் ஒரு ஜமுக்காளமும் போதாதா? குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர். எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்தால் அதன் வாய் இன்னும் சிறியது. மூன்றடி தூரத்திலிருந்து ஒன்று, ஏழடியிலிருந்து ஒன்று, பிறகு ஐந்தடி. பட்டரின் தலை மட்டும் நுழையும்படி இரண்டு தீப்பெட்டிகளை நிறுத்திவையுங்கள். கை கோணினால் ஒன்று விழுந்து காட்டிக்கொடுக்கும். அப்புறம், செம்மணல் தேரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா மைதானம் தேடுகிறீர்கள்? பங்கர் என்ற மணல் பள்ளத்தில் பந்து விழுந்தால், மட்டை பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னாலேயே மணலில் இறங்க வேண்டும். செம்மணலில் கோடு கிழித்து, கோட்டில் இறங்குகிறதா என்று பாருங்கள். பந்துகூட வேண்டாம்.

புது மட்டையா? வாங்காதீர்கள். வலப்பக்க வளைவைப் பற்றித்தான் முதலில் கேட்டிருந்தீர்கள், இல்லையா? அடிபடும் நேரத்தில் மட்டையின் முகம் வீச்சின் பாதைக்கு வலப்புறம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கடிதத்தில் திருத்த முடியாது. நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் உங்கள் கைப்பிடியைக் காட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி