வாலிபர் ஐக்கியத்தில் எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. தலைவனாக வளர்வதும் மற்றவர்களின் வரங்களை வளர்ப்பதும் எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ஐக்கியச் செயலாளராக நீங்கள் எப்படி வளர்வது என்பது ஒன்று. முன்வராமல் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுடைய ஆவிக்குரிய வரங்களை, அதாவது ஊழியத்துக்கென்று ஆவியானவர் கொடுத்திருக்கும் திறமைகளை, எப்படி வெளியே கொண்டுவருவது என்பது இன்னொன்று. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பல வருடங்களாக ஞாயிறு பள்ளியும் வீட்டு ஜெபக்குழுக்களும் நடத்தி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டாவதைச் செய்யத் தொடங்கினால்தான் முதலாவது நடக்கும். நான் பார்த்த நல்ல தலைவர்கள் எல்லாரும், இன்னொருவரை வளர்க்கப் போய், அதில் தங்கள் பொறுமையும் ஜெபமும் சோதிக்கப்பட்டு வளர்ந்தவர்கள்.

இதற்கு வேதாகமத்தில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஆள் பர்னபா. பவுலைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம், பர்னபாவைப் பற்றி அபூர்வம். அப்போஸ்தலர் 9-ம் அதிகாரத்தில், எருசலேமில் இருந்த சீஷர்கள், பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலை நம்பாமல் பயந்தபோது, அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனவர் இவர்தான். 11-ம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் திரளான பேர் விசுவாசிகளாகிறார்கள். எருசலேம் சபை அங்கே அனுப்பிய பொறுப்பாளர் பர்னபா. அவரே அந்தச் சபையின் பெரிய ஆளாக இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் சவுலைத் தேடி தர்சுவுக்குப் புறப்படுகிறார். கண்டுபிடித்துக் கூட்டி வந்து, ஒரு வருஷ காலம் இரண்டு பேருமாகச் சேர்ந்து போதிக்கிறார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பேர் முதல்முதலாக வழங்கியது அந்தச் சபையில்தான்.

அடுத்து வரும் அதிகாரங்களைப் பெயர் வரிசையைக் கவனித்துக்கொண்டே படியுங்கள். 13:2-ல் ‘பர்னபாவையும் சவுலையும்’ என்று இருக்கிறது. அதே அதிகாரத்தின் 43-ம் வசனத்துக்கு வரும்போது ‘பவுலையும் பர்னபாவையும்’ என்று மாறிவிடுகிறது. லீஸ்திராவில் பிரசங்கத்தை நடத்துகிறவர் பவுல் என்பது ஊர் ஜனங்களுக்கே தெரிந்திருக்கிறது. கூட்டி வந்தவர் இரண்டாவது ஆளாகிறார். அதற்காக பர்னபா முணுமுணுத்ததாக ஒரு வார்த்தை கிடையாது. பிறகு எருசலேம் சபை எழுதும் கடிதத்தில், 15:25-ல், பர்னபாவின் பெயர் மறுபடியும் முதலில் வருகிறது. அவர் மேல் அந்தச் சபைக்கு இருந்த மரியாதை குறையவே இல்லை என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். ‘என்னைவிட இவன் நன்றாகப் பேசுகிறானே, என் இடம் என்ன ஆகும்’ என்ற பயம் உங்களுக்கு ஒருநாள் கட்டாயம் வரும். அன்றைக்கு இந்த மூன்று அதிகாரங்களையும் எடுத்துப் படியுங்கள்.

மாற்கு விஷயம் இன்னும் முக்கியம். பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில், பம்பிலியாவில் அவர்களைப் பாதி வழியில் விட்டுப் போனவர் அவர். அடுத்த பயணத்துக்கு அவர் வேண்டாம் என்று பவுல் உறுதியாக நிற்க, பர்னபா அவரைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறுகிறார். மாற்கு பர்னபாவுக்கு இனத்தார் என்று கொலோசெயரில் இருக்கிறது. சொந்தக்காரன் என்பதால் பரிந்துகொண்டார் என்று சிலர் சொல்வார்கள், இருக்கட்டும். வருஷங்கள் கழித்து சிறையிலிருந்து அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.’ இடையில் மாற்கு எப்படித் தேறினார் என்று வேதம் விவரமாகச் சொல்லவில்லை. ஒருவர் அவரைக் கைவிடாமல் கூட வைத்துக்கொண்டார் என்பது மட்டும் தெரிகிறது. உங்கள் ஐக்கியத்தில் போன வருஷம் பொறுப்பை எடுத்துவிட்டு நடுவில் காணாமல் போன ஒரு பையனோ பெண்ணோ கண்டிப்பாக இருப்பார்கள். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

சரி, யாருக்கு என்ன வரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது பல சபைகளில் கேள்வித்தாள் கொடுத்து, மதிப்பெண் கூட்டி, ‘உங்களுக்கு உபதேசிக்கும் வரம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பேச்சைத் தொடங்கி வைக்க அது உதவும், தப்பில்லை. ஆனால் வரம் வேலையில்தான் தெரியவரும். ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்து, கூட நின்று பார்க்கிறவருக்குத்தான் அது கண்ணில் படும். பெரும்பாலும் அந்த வரம் உள்ளவருக்கே அது வரம் என்று தெரியாது. அவருக்கு அது சுலபமாக வருவதால், எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் சபையில் மைக் செட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பி இருந்தார். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். ஆராதனை முடிந்து ஒயர் சுருட்டும்போது சின்னப் பிள்ளைகள் அவரைச் சுற்றியே நிற்பார்கள், அவரும் எதையாவது சொல்லிக்கொண்டே வேலை செய்வார். விடுமுறை வேதாகமப் பள்ளி வந்தபோது ‘வகுப்பு எடுக்கிறீர்களா’ என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஓடியிருப்பார். ‘பாட்டுக்கு ஆக்ஷன் செய்ய ஒரு ஆள் வேண்டும், என்னோடு நில்லுங்கள்’ என்றேன். நின்றார். அடுத்த வருஷம் கதையில் ஒரு சிறு பகுதியை அவரிடம் கொடுத்தேன். யோனா கதையை அவர் சொன்ன விதத்தில் பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள். பிறகு தானே பயந்துபோய், நீளமாகப் புத்திமதி சொல்லிக் கதையைக் கெடுத்துக்கொண்டார். வீட்டுக்கு நடந்து போகும்போது இரண்டையும் சொன்னேன், நன்றாக இருந்ததை முதலில், கெட்டுப்போனதைப் பிறகு. இப்போது தொடக்க நிலை வகுப்பு முழுவதும் அவர் பொறுப்பில் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதே இல்லை.

திருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் அப்பொல்லோ என்ற பிரசங்கியார் ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசினார், ஆனால் யோவானின் ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் எல்லார் முன்னும் எழுந்து மறுத்துப் பேசியதாக, அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எழுதவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் என்று எழுதுகிறார். நம் சபைகளில் இளையவர்கள் பின்வாங்கிப் போவதற்குப் பெரிய காரணம், முதல் தடவை பேசிவிட்டு மேடையை விட்டு இறங்குவதற்குள் நாலு பேர் நடுவில் கேட்ட ஒரு சொல்தான். வாசிப்பில் ஒரு பெயர் தடுமாறியதற்காக எல்லார் முன்னும் சிரிக்கப்பட்ட பிள்ளை மறுபடி பாடம் வாசிக்க வருமா? அந்தச் சிரிப்பைத் தடுப்பதும் உங்கள் வேலை.

இன்னொரு விஷயம் எனக்கு மனசில் பாரமாகவே இருக்கிறது. பாட்டும் பிரசங்கமும் மட்டுமே வரம் என்று நாம் பழகிவிட்டோம். ரோமர் 12-ஐப் பாருங்கள். பகிர்ந்துகொடுக்கிறவன், முதலாளியானவன் (தலைமை தாங்குகிறவன்), இரக்கஞ்செய்கிறவன் என்று வரிசை போகிறது. தலைமை தாங்குவது அங்கே கொடுக்கிறவருக்கும் இரக்கம் செய்கிறவருக்கும் நடுவில், தனி மேடை எதுவும் இல்லாமல் இருக்கிறது. எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு அக்கா இருக்கிறார். துக்க வீட்டில் அவர் போய் உட்கார்ந்தால் அந்த வீடே ஆறுதல் அடையும். என்ன பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் கிடையாது. எங்கள் ஐயரிடம் (சபைக் குருவிடம்) சொல்லி, வீடு சந்திக்கப் போகும்போது இரண்டு இளம்பெண்களை அவரோடு அனுப்ப ஏற்பாடு செய்தோம். அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றிருக்க முடியாது. அப்புறம் ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் குடும்பம், எந்தச் சாதி என்று பார்த்துப் பொறுப்புக் கொடுக்கும் பழக்கம் நம் சபைகளில் இன்னும் இருக்கிறது. ஆவியானவர் அப்படிப் பார்த்து வரம் கொடுப்பதில்லை. நீங்கள் தயாரிக்கும் பட்டியலிலாவது அது இல்லாமல் இருக்கட்டும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் நம் ஊர்க்காரர்தான். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவானபோது முன்நின்றவர். நம் ஆட்கள், நம் காணிக்கை, நம் நிர்வாகம் என்பதே அந்தச் சங்கத்தின் நோக்கம். நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதியை அவர்கள் ஊழியக் களமாக எடுத்துக்கொண்டார்கள். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக நாடெங்கும் அறியப்பட்டிருந்த அசரியா, 1909-ல் குருப்பட்டம் பெற்று அங்கேயே மிஷனரியாகப் போனார், தெலுங்கு படித்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றபோது, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

தோர்ணக்கலில் சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். படிக்க வழியில்லாமல் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். இவர்கள் தேறி வருவதற்கு இன்னும் ஒரு தலைமுறை ஆகட்டும், அதுவரை நாம் செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று சொல்ல வைப்பார். சபையில் சேருகிற நாளிலேயே ஊழியமும் தொடங்கிவிடும். கிராமங்களுக்குப் போகும் உபதேசியார்களுக்கு மட்டுமின்றி அவர்கள் மனைவிகளுக்கும் பயிற்சி இருந்தது. 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் அவர் பேசியதும் இதோடு சேர்ந்ததுதான். மிஷனரிகள் செய்த தியாகங்களையெல்லாம் மதித்துச் சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். சம்பளம் கொடுக்கிறவரும் வாங்குகிறவருமாக இருக்கும் உறவில் யாருடைய வரமும் வளராது என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். நீங்கள் உங்கள் கமிட்டி உறுப்பினர்களைக் கூட்டத்தில் மட்டும் பார்க்கிறீர்களா, அவர்கள் வேலை இழந்த வாரத்தில் வீட்டுக்குப் போகிறீர்களா என்பதை யோசித்துப் பாருங்கள்.

எச்சரிக்கையும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை கொடுப்பது வேறு, மேடை கொடுப்பது வேறு. நன்றாகப் பாடுகிற ஒரு பிள்ளையை உடனே கன்வென்ஷன் மேடையில் ஏற்றி, சுவரொட்டியில் படம் போட்டு, நாம் கெடுத்துவிடுகிறோம். சபையை நடத்தும் கண்காணியைப் பற்றி எழுதும்போது ‘நூதன சீஷனாயிருக்கக்கூடாது’ என்று பவுல் சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார், இறுமாப்பு. கொரிந்து சபை ஒரு வரத்திலும் குறைவில்லாத சபை. அங்கேதான் பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும் இருந்தன. ஆகவே வரத்தோடு குணத்தையும் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, பேர் வராத வேலையைச் செய்கிறாரா, காணிக்கைப் பணத்தை இன்னொருவர் முன்னால்தான் எண்ணுகிறாரா?

உங்களைப் பற்றி. ‘எல்லாம் என் தலையில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மோசேயும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவராக உட்கார்ந்து நியாயம் விசாரித்தவர்தான். அவர் மாமன் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, நீரும் உம்மோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். ஜனங்களும் என்கிறார், கவனியுங்கள். ஒருவரே எல்லாம் செய்தால் காத்திருக்கிறவர்களும் சோர்ந்துபோகிறார்கள். உங்கள் ஐக்கியத்தில் மற்றவர்கள் முன்வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்களைத் தனியாக உட்கார வைத்துத் திருத்தக்கூடிய எத்திரோ போன்ற ஒருவர் உங்களுக்கும் வேண்டும். உங்கள் ஐயரோ, வயதில் மூத்த ஒரு சபையாரோ, யாராவது ஒருவரிடம் போய், என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீங்களே கேளுங்கள். ஜெபத்தையும் வேத வாசிப்பையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உறுப்பினர் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். சில வாரங்களில், அதுவரை கவனிக்காத ஆட்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பார்கள்.

தொடங்குவதற்கு, டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப் போகும் கிறிஸ்துமஸ் பஜனை நல்ல சந்தர்ப்பம். பாடல் தேர்வு, வீடுகளின் வரிசை, சின்னப் பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டிப் போய் வீடு சேர்ப்பது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு ஜெபம், காணிக்கைக் கணக்கு என்று அதில் எத்தனையோ பொறுப்பு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரைப் போடுங்கள், ஒருவர் பழகியவர், ஒருவர் புதியவர். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டில் ஜெபிக்க, இதுவரை எங்கேயும் ஜெபிக்காத ஒருவரை முந்தின நாளே கேட்டு வையுங்கள். நீங்கள் எந்தப் பொறுப்பையும் எடுக்காமல் கடைசியில் நடந்து வாருங்கள். யார் எங்கே நன்றாகச் செய்தார்கள் என்று பார்த்து வைத்து, ஜனவரியில் அவர்களைத் தனித்தனியாகச் சந்தித்து அதைச் சொல்லுங்கள்.