காத்திருப்பு யார் கணக்கில்? – வாசகி கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் படித்துவிட்டு, இப்போது ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கொழுந்து வரவையும் தூள் உற்பத்தியையும் பதியும் வேலையில் இருக்கிறேன். செயற்பாட்டு முகாமைத்துவமும் பகுப்பாய்வு முறையில் தீர்மானம் எடுத்தலும் சார்ந்த முதுமாணிப் படிப்பொன்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திரு, அதுதான் நிரந்தரம் என்கிறார் அப்பா. எக்செல் தெரிந்தால் போதும், இதற்குப் போய் ஏன் இத்தனை செலவு என்கிறார் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர். எனக்குள்ள கேள்வி வேறு. குறைந்த ஆட்களைக் கொண்டு கூடுதல் வேலை வாங்கும் வித்தையை முதலாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதானா இந்தப் படிப்பு? தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த ஒருத்தி இதைப் படிப்பதில் பொருள் உண்டா?

எம்., பொகவந்தலாவை

அன்பின் எம்.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தச் சந்தேகம் நியாயமானது. இரண்டாம் உலகப் போரில் பிளாக்கெட் போன்ற பிரித்தானிய விஞ்ஞானிகள் கப்பல் அணிகளுக்கும் ராடாருக்கும் போட்ட கணக்குகளில் உருப்பெற்று, 1947இல் ஜோர்ஜ் டான்சிக் வகுத்த சிம்பிளெக்ஸ் முறையால் (கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் கணித முறை அது) வலுவடைந்து, பின்னர் ஆலைகளுக்கும் கம்பனிகளுக்கும் பரவிய செயற்பாட்டு ஆய்வு என்ற துறை இது. தளபதிக்கும் முதலாளிக்கும் உழைத்தே வளர்ந்தது. ஆனால் கணக்கு முறைக்கென்று சொந்தமாக ஓர் இலக்கு கிடையாது. எதைக் குறைக்கவேண்டும், எதைக் கூட்டவேண்டும் என்று நாம் எழுதிக்கொடுக்கிறோமோ அதைத்தான் அது செய்யும். நாம் எழுதாமல் விட்டதன் விலையைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். இந்தப் படிப்பின் நன்மை தீமை முழுவதும் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மலையில் 60 பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். ஒருவருடைய கொழுந்தைக் கொட்டி, நிறுத்து, துண்டில் பதிய அரை நிமிடம் ஆகிறது. நாளொன்றுக்கு மூன்று நிறுவை என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே நேரத்தில் மலையிலிருந்து இறங்குவதால் முதலாமவர் உடனே திரும்பிவிடுவார், கடைசி ஆள் அரை மணி நேரம் நிற்பார். சராசரியாக ஒருவருக்குக் கால் மணி நேரம் போகிறது. ஒரு நிறுவைக்கு 15 மணி நேர மனித உழைப்பு, நாளுக்கு 45 மணி நேரம், நின்றே கழிகிறது. இதே மடுவத்தைத் தராசின் பக்கமிருந்து பாருங்கள்: நாள் முழுவதிலும் தராசு வேலைசெய்வது ஒன்றரை மணி நேரம்தான், எட்டு மணி நேர வேலைநாளில் அது 20 சதவீதம்கூட இல்லை. இயந்திரப் பயன்பாட்டை மட்டும் பார்க்கும் அதிகாரி, இருக்கிற தராசே சும்மா கிடக்கிறது, இரண்டாவது எதற்கு என்றுதான் எழுதுவார். அவருடைய கூட்டல் கழித்தலில் பிழையே இராது.

இங்கே பாடநூலும் சற்றுக் காலை வாரும். 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு, ஆட்கள் தத்தம் போக்கில் முன்பின்னாக வருவார்கள் என்ற எடுகோளில் நிற்கிறது. ஒற்றைச் சாளரமுள்ள எளிய மாதிரியில், சாளரம் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் ஒருவர் அங்கே கழிக்கும் சராசரி நேரம் சேவை நேரத்தின் 5 மடங்கு. 90 சதவீதத்தில் 10 மடங்கு. 95 சதவீதத்தில் 20 மடங்கு. வங்கிக்கும் ஆஸ்பத்திரி மருந்துச் சாளரத்துக்கும் இது ஓரளவு பொருந்தும். மடுவத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் அங்கே சங்கு ஊதியதும் அறுபது பேரும் ஒன்றாக வருகிறார்கள். சூத்திரத்தைப் போட்டால் நெரிசலே இல்லை என்று விடை வரும். முப்பது முப்பது பேராகப் பிரித்து அரை மணி நேர இடைவெளியில் இறக்கினால், ஒரு சதமும் செலவில்லாமல் காத்திருப்பு பாதியாகக் குறையும். ஆனால் தூரத்து மலையிலிருந்து வருபவர்களை எந்த அணியில் சேர்ப்பது, லொறி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், மழை வந்தால் என்ன செய்வது என்பவை விரிவுரை மண்டபத்தில் எவருக்கும் தோன்றாத கேள்விகள். கொழுந்துக்கூடையோடு அந்த வரிசையில் நின்ற ஒருத்தியின் மகளுக்குத் தோன்றும். காத்திருந்த அந்த 45 மணி நேரத்துக்கு மாதிரியில் ஒரு நிரல் வேண்டும் என்று சொல்லவும் அவளால் முடியும்.

எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதும் அவளுக்குத் தெரியும். தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் நிறுவையில் கிலோக் கணக்கில் கழிக்கும் வழக்கம் தோட்டங்களில் இருப்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அன்றைய இலக்கை எட்டாவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்ற நிலையில் ஓர் எண் பதியப்படும்போது, அது பறித்த கொழுந்தின் எடையாக மட்டும் இருப்பதில்லை. இலக்கையொட்டி நடந்த பேரத்தின் முடிவாகவும் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை அப்படியே கணனியில் ஏற்றி, இன்னாருடைய உற்பத்தித்திறன் இவ்வளவு என்று வரைபடம் போடுகிறவர் பகுப்பாய்வு செய்யவில்லை. மடுவத்து நிறுவையையும் தொழிற்சாலை வாசல் நிறுவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? உங்கள் மேசையிலேயே இரண்டும் இருக்கின்றன.

எக்செல் போதும் என்ற மூத்தவருக்கு அரை உண்மை சொந்தம். பெரும்பாலான கணக்குகளை எக்செல்லிலேயே போடலாம். எந்தக் கணக்கைப் போடுவது என்று அது சொல்லாது. உங்கள் தொழிற்சாலைக்கு நாளொன்றுக்கு 10,000 கிலோ கொழுந்து வந்து, அதைக் காற்றில் வாடவிடும் வாட்டலுக்கு 15 மணி நேரம் எடுக்கிறது என்று கொள்ளுங்கள். ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி (வரவு வீதத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கவேண்டும்) வாட்டல் தொட்டிகளில் சராசரியாக 6,250 கிலோ கிடக்கும். விதி சரி, கூட்டலும் சரி. ஆனால் கொழுந்து இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே சீராக வருவதில்லை, பகலில்தான் வருகிறது. இரவு தொடங்கும்போது ஏறக்குறைய 10,000 கிலோவும் தொட்டியில் இருக்கவேண்டும். சராசரியை நம்பித் தொட்டி கட்டியவரின் மிச்சக் கொழுந்து குவியலாகக் கிடந்து சூடேறிச் சிவந்துபோகும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பொங்கி வரும்போது நிலைமை இன்னும் மோசம். (இயந்திரம் நிற்காமல் ஓட அதன் காவல் தெய்வமான ரோதைமுனிக்குப் பூசை வைக்கும் ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், உதிரிப்பாகம் எத்தனை கையிருப்பில் வேண்டும் என்ற கணக்கையும் யாராவது போட்டால் முனி கோபித்துக்கொள்ளமாட்டார்.)

கணக்கு என்றதும் அனுபவத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் வாடிய இலையை ஒரு பிடி அள்ளி உருண்டையாக அழுத்திவிட்டுக் கையை விரிக்கிறார். உருண்டை குலையாமல் நின்றால் இலையை அரைக்கும் ரோதைக்கு அனுப்பலாம், சடசடத்து விரிந்தால் இன்னும் காற்று விடவேண்டும். ஒரு சிறு தகவலைப் பெற்று, அதன்படி அடுத்த தீர்மானத்தைத் திருத்திக்கொள்வதுதானே இது? தீர்மானப் பகுப்பாய்வின் பாடத்திட்டம் இதையே நிகழ்தகவின் மொழியில் கற்பிக்கிறது. இந்த ஒழுங்கு இல்லாமல் தீர்மானம் எடுத்தால் என்ன ஆகும் என்பதை 2021இல் நாடே பார்த்தது. மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். சேதன உரம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். சில பிரதேசங்களில், சில பருவங்கள் பார்த்துவிட்டு முடிவெடுக்கக்கூடிய ஒன்றை, முழு நாட்டிலும் ஒரே அடியில் செய்ததுதான் தவறு. 1925 முதல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் நாட்டில், சோதித்துப் பார்க்க இடமில்லை என்று யாரும் சொல்லமுடியாது.

இனி நடைமுறை. மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கணிதத்துறையின் செயற்பாட்டு ஆய்வு முதுமாணியையும், பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தின் பிரயோகப் புள்ளிவிபரவியல் படிப்பையும், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் படிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேரியல் நிரலாக்கம், வரிசைக் கோட்பாடு, கையிருப்பு, எதிர்வுகூறல், பாவனையாக்கம் (simulation), தீர்மானப் பகுப்பாய்வு ஆகியவை பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மென்பொருட்களின் பெயர்களையே பெருமையாக அடுக்கியிருக்கும் விளம்பரத்தை நான் நம்பமாட்டேன்; மென்பொருள் ஐந்தாண்டில் மாறும். ஆய்வுக் கட்டுரை கட்டாயமாக உள்ள படிப்பையே தெரிவுசெய்யுங்கள்.

அப்பாவின் பேச்சைத் தட்டவேண்டியதில்லை. நியமனம் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்; வார இறுதியில் நடக்கும் வகுப்பென்றால் ஆசிரியராக இருந்துகொண்டும் படிக்கலாம். கொழும்புப் பக்கம் சேர்ந்தால் வெள்ளி இரவே புறப்படவேண்டிவரும், தங்குமிடச் செலவையும் கட்டணத்தோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். பேராதனையில் பட்டம் பெற்ற உங்களுக்கு அது புதிதல்ல.

விண்ணப்பிக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். நாலைந்து ஆண்டுகளின் நாளாந்தக் கொழுந்து வரவு, நிறுவை நேரம், தொட்டி நிரப்பிய நேரம் ஆகியவற்றை, தொழிலாளர் பெயர்களை நீக்கி, ஆய்வுக்குப் பயன்படுத்த முகாமையாளரிடம் இப்போதே எழுத்தில் அனுமதி கேளுங்கள். படிப்பின் நடுவில் கேட்டால் இழுத்தடிப்பார்கள். அவர் மறுத்தால், சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகளை அணுகலாம். லொறி எந்தப் பாதையில் எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்பது அவர்களுக்கு அன்றாடத் தலைவலி, கேட்டால் பதிவேட்டைத் திறந்து காட்டக்கூடியவர்கள்.