மிங்க் (கீரி போன்ற உருவமுள்ள சிறு ஊனுண்ணி), நரி போன்று உரோமத்துக்காக வளர்க்கும் விலங்குகளின் தீவனத்தில் தாது உப்புக் கலவையைத் தனியாகச் சேர்க்க வேண்டுமா?

சேர்க்கலாம். ஆனால் மூட்டையைப் பிரிக்கும் முன், தீவனத்தில் என்னென்ன அரைத்துப் போடுகிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். தீவனக் கணக்குப் போடும் வேலையில் இருப்பவன் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். இந்த விலங்குகளுக்குத் தாதுக் குறைபாடு வருவது பல நேரம் சத்து இல்லாததால் அல்ல. இருக்கிற சத்தை இன்னொரு பொருள் உடம்பில் சேரவிடாமல் தடுப்பதால்.

மிங்க் பண்ணைகளில் ‘பஞ்சு உரோமம்’ என்று ஒரு கோளாறு உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதுகு மயிரை வாயால் ஊதிப் பிரித்துப் பாருங்கள்: நிறத்தோடு இருக்க வேண்டிய அடிமயிர் வெள்ளைவெளேரென்று இருக்கும். ஈறு வெளிறியிருக்கும், குட்டி எடை ஏறாது. எல்லாம் இரத்தசோகையின் வேலை. காட் இனத்து மீன்களைப் பச்சையாக அரைத்துப் போட்டால் இது வரும். அவற்றின் சதையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. மீன் உறைநிலையில் நாள்கணக்காகக் கிடந்தால் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு உண்டாகி, குடலில் இரும்பு சேராமல் கெடுத்துவிடும். தீவனத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்பு போதுமான அளவு இருப்பதாகவே முடிவு வரும், அதுதான் வேடிக்கை. இந்த நிலையில் இரும்பு உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் காசுதான் கரையும். மீனை வேகவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் வேறு மீனுக்கு மாறுங்கள். ஏற்கெனவே வெளிறிப்போன குட்டிகளுக்குக் கால்நடை மருத்துவர் ஊசி வழியாக இரும்பு கொடுக்கலாம். அது குடலைச் சார்ந்திருக்காது. வெளுத்த மயிர் மட்டும் திரும்பக் கறுக்காது, புது மயிர் வந்தால்தான் உண்டு.

அடுத்தது கால்சியம். வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகச் சொற்பம். எலும்பில்லாத சதையையும் ஈரலையும் மட்டும் தின்று வளரும் நரிக்குட்டிக்கு முன்னங்கால் வளையும், நொண்டும், தாடை எலும்பு மெத்தென்று ஆகும். கால்சியமும் பாஸ்பரஸும் 1:1 முதல் 2:1 வரையிலான விகிதத்தில் இருந்து, வைட்டமின் டி-யும் போதுமான அளவு கிடைத்தால் பயமில்லை. அரைத்த எலும்போ முள்ளோடு அரைத்த மீனோ பெரும்பாலும் இதைச் சரிக்கட்டிவிடும். அதற்காக எலும்பை அள்ளிக் கொட்டவும் கூடாது. சாம்பல் சத்து (தீவனத்தில் உள்ள மொத்தத் தாதுப்பொருள்) ஏறினால் செரிமானம் குறையும், மிதமிஞ்சிய கால்சியம் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாது.

துத்தநாகம் தோலுக்கும் மயிருக்கும் தேவைதான். ஆனால் அது அதிகமானால் தாமிரம் சேர்வது தடைப்படும். மயிருக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உண்டாகத் தாமிரம் வேண்டும், ஆக நிறம் மங்கும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. பாத்திரத்தில் அமிலம் கலந்த தீவனத்தை வைப்பதும், விலங்குகள் கூண்டுக் கம்பியைக் கடிப்பதும் கணக்கில் வராத துத்தநாகத்தை உள்ளே அனுப்பும் வழிகள். அப்போது நிறம் மங்குகிறதே என்று ‘மயிர் வளர்ச்சிக் கலவை’ வாங்கிப் போட்டால், அதிலும் துத்தநாகம்தான் இருக்கும்!

சரி, கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய சேர்க்கை ஏதாவது இருக்கிறதா என்றால், பால் கொடுக்கும் தாய் மிங்குக்குச் சாதாரண உப்பு. நிறையக் குட்டி போட்ட தாய், பாலூட்டும் காலத்தின் கடைசியில் தீவனத்தை வெறுத்து, நீர் வற்றி, எலும்பும் தோலுமாகித் தள்ளாடும். உடம்பில் சோடியம் தீர்ந்துபோவது இதில் பெரும்பங்கு வகிக்கிறது. தீவனத்தில் கொஞ்சம் உப்பு சேர்த்தால் பெருமளவு தடுக்கலாம். ஒரே நிபந்தனை, தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டாலோ உறைந்துபோனாலோ அதே உப்பு விஷமாகிவிடும்.

இன்னொன்று. மிங்குக்குச் சிறுநீரில் மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் கல் வரும் என்பதால், சிறுநீரை அமிலத்தன்மையில் வைக்கத் தீவனத்தில் பாஸ்பாரிக் அமிலம் கலப்பவர்கள் உண்டு. கலக்கிறீர்கள் என்றால், அதிலிருந்து வரும் பாஸ்பரஸையும் மேலே சொன்ன விகிதத்தில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முயல் வளர்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முயல் தழை தின்னும் பிராணி, கூடுதல் கால்சியத்தைச் சிறுநீரில் கழித்துவிடும். சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீர் போல வெளுத்திருப்பது அதனால்தான். அதற்குக் கணக்கே வேறு.